மஞ்சள் சுவரும் நீல நிழலும்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்கும் தம்பி ஒருவன், அதில் செய்த ரெண்டர் (மாடலிலிருந்து கணினி உருவாக்கித் தரும் படம்) அனுப்பினான். புதுச்சேரி டூமாஸ் வீதி வீடு. மஞ்சள் சுவர், காகிதப்பூ, எல்லாம் சரி. ஆனாலும் பொம்மை வீடு. சன்னல் கட்டையின் ஓரமெல்லாம் பிளேடு மாதிரி கூர்மை. எந்த மரத்துக்கு அப்படி ஓரம் இருக்கிறது? கூர்மையை மழுக்கும் பெவலை 2 மில்லிமீட்டர் கொடுத்ததும் ஓரத்தில் வெளிச்சம் கோடாகப் பிடித்தது.

அப்புறம் நிழல். கன்னங்கரேலென்று வைத்திருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போய் நின்று பார்க்கச் சொன்னேன். திறந்த வானத்துக்குக் கீழே விழும் நிழலில் நீலம் தட்டும். மஞ்சள் சுவரையொட்டிய வெள்ளைத் தூண் லேசாக மஞ்சள் பூசிக்கொள்ளும்.

ஒளியின் திசையை, நிறம் ஏற்றாத சாம்பல் மாடலிலேயே முடிவுசெய்துவிடுங்கள்; மேற்பரப்புக்கு நிறமும் தோற்றமும் தரும் டெக்ஸ்சர் பிறகு. சோதனை ரெண்டருக்கு 64 சாம்பிள் (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்ற எண்) போதும். பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் தானாக இருக்கும் 4096-ஐ மாற்றாமல் ரெண்டரை ஓடவிட்டுத் தூங்கப்போவேன் நான். காலையில் பார்த்தால் கேமரா கோணமே தப்பு!