கைப்பையில் குரோஷா ஊசி: நான்கு விமானப் பயணங்களில் செய்து பார்த்தது

மகளின் பிரசவத்துக்குத் துணையாக இருக்கச் சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாகச் சிகாகோ செல்ல வேண்டியிருந்தது. இரண்டு விமானங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 19 மணி நேரம் உட்கார்ந்தே கழியும் என்று தெரிந்தவுடன், பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கான போர்வையில் ஒரு பகுதியையாவது வானத்திலேயே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சிறு திரையில் படம் பார்த்தால் எனக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அதைவிடக் கடினம்.

எடுத்து வைப்பதற்கு முன் விதிகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பின்னல் ஊசி, முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி, தையல் ஊசி ஆகிய மூன்றையும் கைப்பையில் அனுமதிக்கிறது. 2001 செப்டம்பருக்குப் பிறகு தடை செய்யப்பட்டிருந்த சிறு கத்தரிக்கோலையும் 2005 டிசம்பரிலிருந்து மீண்டும் அனுமதித்துள்ளது. இரண்டு அலகுகளும் சேரும் திருகாணியிலிருந்து முனை வரை அளந்தால் 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே அளவு 6 சென்டிமீட்டர். அமெரிக்காவில் தடையின்றிப் போகும் 8 சென்டிமீட்டர் அலகு கொண்ட கத்தரிக்கோல் பிராங்பர்ட்டில் நின்றுவிடும் என்பது இதிலிருந்து விளங்கியது. இந்தியாவிலிருந்து வந்து அங்கே விமானம் மாறுபவர் மறுபடியும் சோதனையைக் கடந்தாக வேண்டும். எனவே வழியில் உள்ள நிலையங்களில் எதன் விதி கடுமையானதோ, அதையே பயணம் முழுவதற்கும் விதியாகக் கொண்டேன். எழுதிய விதி எதுவாக இருந்தாலும், சோதனை மேசையில் நிற்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலைப் பெரிய பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

ஆகவே, வெட்டாமல் செய்யக்கூடிய வேலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. பல நிறப் பட்டைகளாகப் போட நினைத்திருந்த போர்வையை ஒரே நிறத்துக்கு மாற்றினேன். இளமஞ்சள் அக்ரிலிக் நூல், 100 கிராம் கண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 மீட்டர், 5 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி, வரிசைக்கு 120 கண்ணி (நூல் வளையம்). இரண்டு கண்டுகளை மட்டும் கைப்பையில் வைத்து, மற்றவற்றைப் பெட்டிக்கு அனுப்பினேன். வீட்டிலேயே எட்டு வரிசை போட்டு வைத்தது வீண்போகவில்லை. சென்னையில் பையைத் திறக்கச் சொன்ன காவலர் ஊசியை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். அதோடு தொங்கிய போர்வைத் துண்டை விரித்துக் காட்டியதும், தம் தாயாரும் இப்படித்தான் மேசை விரிப்புப் பின்னுவார் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தனியாகக் கிடக்கும் ஊசியைவிட, பாதி முடிந்த வேலையில் மாட்டியிருக்கும் ஊசிக்கு விளக்கம் குறைவாகவே தேவைப்படும் என்று நினைக்கிறேன். நூற்கண்டின் நடுவே ஊசியைச் செருகி வைக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டேன். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பையைக் குடைய வேண்டியதில்லை.

முதல் விமானத்தில் 22 வரிசைகள் முடிந்தன. ஒரு கண்டில் முக்கால் பங்கு செலவாயிற்று. இரவு விளக்கை அணைத்த பிறகும் வெளிர் நிற நூலில் கண்ணிகள் தெரிந்தன; கருநீலம் எடுத்திருந்தால் வரிசைக்கு வரிசை விரலால் தடவித்தான் எண்ணியிருக்க வேண்டும். ஒரே ஒரு முட்டாள்தனம் செய்தேன். கண்டை மடியில் வெறுமனே வைத்திருந்ததால், விமானம் குலுங்கியபோது அது உருண்டு இரண்டு இருக்கைகள் தாண்டிப் போய்விட்டது. முன்னால் அமர்ந்திருந்த இளைஞர் காலில் சுற்றிய நூலைப் பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தார். அதற்குப் பின் கண்டின் நடுவிலிருந்து நூல் வருமாறு எடுத்து, சுருக்குப் பைக்குள் போட்டு, வாயில் சிறு இடைவெளி மட்டும் விட்டுக் கட்டிவிடுகிறேன். பிராங்பர்ட் சோதனையில் யாரும் எதையும் கேட்கவில்லை. இரண்டாம் விமானத்தில் தூக்கம் முந்திக்கொண்டதால் ஒன்பது வரிசைதான் ஆயிற்று.

இரண்டாம் பயணம், இரண்டு மாதங்களுக்குப் பின் அமெரிக்காவுக்குள்ளேயே நாலரை மணி நேரம். முதல் பயணம் நன்றாக முடிந்த துணிச்சலில், போர்வைக்கு விளிம்பு கட்ட வேறு நிறங்களையும் எடுத்துக்கொண்டேன். நூல் வெட்டுவதற்காக, கழுத்தில் பதக்கம் போலத் தொங்கவிடும் வட்டமான வெட்டி ஒன்றை வாங்கியிருந்தேன்; விரலை விட்டாலும் வெட்டாதபடி அலகு உள்ளே மறைந்திருக்கும், பார்வைக்கு நகை போலவே இருக்கும். அதைத்தான் சோதனையில் எடுத்துவிட்டார்கள். கத்தரிக்கோலைப் பற்றிப் படித்த அதே பட்டியலில், வட்ட நூல்வெட்டியையும் உள்ளே அலகு பொதிந்த எந்த வெட்டியையும் கைப்பையில் கொண்டுவரக் கூடாது என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. நான்தான் ஊசிகளோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். துணி வெட்டும் சுழல் கத்திக்கும் இதே தடை உண்டு. துணி ஒட்டும் பசை திரவக் கணக்கில் சேர்வதால், அது 100 மில்லிலிட்டர் குப்பிக்குள் அடங்க வேண்டும்.

அன்று என்னைக் காப்பாற்றியது கைப்பையில் இருந்த நகவெட்டி. பருத்தி நூலையும் அக்ரிலிக் நூலையும் அது பிசிறில்லாமல் துண்டிக்கிறது. பல்லிடுக்கு நூல் வரும் சிறு பெட்டியின் வாயில் இருக்கும் உலோகப் பல்லும் அதே வேலையைச் செய்யும் என்று மகள் சொன்னாள். பிறகு ஒன்றை வாங்கி, உள்ளிருந்த சுருளை எடுத்துவிட்டுப் பூத்தையல் நூலைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டு இழைகளை இழுத்து அறுக்க வசதியாகத்தான் இருக்கிறது, தடித்த கம்பளி நூலுக்குத்தான் ஒத்துவரவில்லை.

ஊர் திரும்பும்போது குரோஷாவை விட்டு, இரண்டு ஊசி முனைகளால் போடும் பின்னலுக்கு மாறியிருந்தேன். மகளின் பக்கத்து வீட்டு அம்மையார் கற்றுக்கொடுத்த கம்பளித் தொப்பி அது. இங்கே சிக்கல் வேறு வகையானது. குரோஷாவில் எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும்; ஊசியே பறிபோனாலும் அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் ஒன்றும் பிரியாது. பின்னலில் தொப்பியின் சுற்று முழுவதும், என் கணக்கில் 96 கண்ணிகள், ஊசியை நம்பியே நிற்கின்றன. சோதனையில் ஊசியை உருவிக்கொண்டால் வாரக்கணக்கான வேலை அந்த மேசையிலேயே அவிழ்ந்துவிடும். இதற்குப் பின்னல்காரர்கள் செய்யும் ஏற்பாட்டை அந்த அம்மையாரே காட்டினார். வழுவழுப்பான மெல்லிய பருத்தி நூலை முனை மழுங்கிய தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் ஓட்டி, அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்குப் பின் ஊசி போனாலும் பின்னல் அந்த நூலைத் தாண்டிப் பிரியாது. புறப்படும் முந்தைய நாள் இரவு அரை மணி நேரம் செலவிட்டு இதைச் செய்தேன். நல்லவேளையாக எந்தச் சோதனையிலும் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

ஊசி, இரண்டு மூங்கில் முனைகளை ஒரு மெல்லிய வடம் இணைக்கும் வட்ட வகை. நீளமான நேர் ஊசிகளை விமான இருக்கையில் யாரும் முயல வேண்டாம் என்பேன். ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் முழங்கை படும், ஒன்று கைதவறினால் இருக்கைக்கு அடியில் போய்விடும். வட்ட ஊசியில் பாரம் மடியில் இறங்குகிறது, முனைகள் வடத்தோடு பிணைந்திருப்பதால் தொலைவதும் இல்லை. கம்பளி தந்த இன்னொரு சலுகை, கண்டு முடிந்தபோது வெட்டியே தேவைப்படாதது. பழைய கண்டின் நுனியையும் புதியதன் நுனியையும் புரி பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சற்று நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையே சூடு பிறக்கத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்கின்றன. இயந்திரத்தில் துவைக்கத்தக்கதாகப் பதப்படுத்திய கம்பளியில் இது பலிக்காது, அக்ரிலிக்கில் பலிக்கவே பலிக்காது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால், ஆறு மணி நேரத்துக்குப் பின் என் விரல் நுனிகள் சொரசொரத்து நூலின் மென்மயிரைப் பிடித்து இழுக்கத் தொடங்கின. சிறு குழாய்க் களிம்பு ஒன்று இல்லாமல் இனிக் கிளம்புவதில்லை.

நான்காவது பயணம் உள்நாட்டிலேயே, மூன்று மணி நேரத்துக்கும் குறைவானது. மிக மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலில் பூஜை அறைப் பீடத்துக்கான வட்ட விரிப்பு, 1.25 மில்லிமீட்டர் எஃகு ஊசி. அமெரிக்கா போய் வந்த எனக்கு இதில் என்ன தடை வரப்போகிறது என்ற அலட்சியம் இருந்தது உண்மை. 5 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி, முனை மழுங்கிய ஒரு குச்சி. இந்த எஃகு ஊசியோ பார்க்கக் குத்தூசி போலவே இருக்கிறது. விரிப்பை விரித்துக் காட்டியும் காவலர் ஒப்பவில்லை. விவாதித்தால் விமானம்தான் போகும். திரும்பிப் போய்ப் பெட்டியில் போட நேரம் இல்லாததால் ஊசியை அங்கிருந்த தொட்டியில் போட்டேன். 15 ஆண்டுகளாக என்னிடம் இருந்த ஊசி. கைப்பிடியின் பூச்சு என் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. மூங்கிலிலோ பிளாஸ்டிக்கிலோ அவ்வளவு மெல்லிய ஊசி கிடைக்காது என்பதால், இத்தகைய மெல்லிய நூல் வேலையை இனி விமானத்துக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். எடுத்தால், போனால் போகட்டும் என்ற விலைக்கு வாங்கிய ஊசியோடுதான்.

விரிப்பின் கண்ணியில் ஊக்கை மாட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போன ஊரில் கடைத்தெருவுக்குப் போய் ஃபேன்ஸி ஸ்டோர் ஒன்றில் அதே அளவு ஊசியைத் தேடி வாங்க இரண்டு நாட்கள் ஆயின. ஊக்கைக் கழற்றியபோது கண்ணி அப்படியே இருந்தது. 14ஆம் சுற்றில் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தேன்.