ஆவணியின் கடைசி நாள், காலை பத்து மணி: இரண்டு பஞ்சாங்கம் பார்த்துக் குடிபுகுந்த கதை

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் புதுவீட்டுக்குக் குடிபோக நினைத்த தமிழ்–சீனக் குடும்பத்துக்கு நாள்காட்டி அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை. ஜூலை நடுவில் பிறந்த ஆடி ஆகஸ்டு 16 அன்றுதான் முடிந்தது. அது முடிவதற்குள், ஆகஸ்டு 4ஆம் தேதியே, சீனர்கள் முன்னோருக்கும் அலையும் ஆவிகளுக்கும் படையல் வைக்கும் ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. அது செப்டம்பர் 2 வரை நீடித்தது. செப்டம்பர் 17இல் புரட்டாசி பிறந்துவிடும். நான் தமிழ்ப் பெண். என் கணவர் ஹொக்கியன் சீனர். ஐப்பசி வரை காத்திருக்கலாம் என்றால், நாங்கள் குடியிருந்த அறையின் வாடகை ஒப்பந்தம் செப்டம்பர் இறுதியில் முடிவதாக இருந்தது. பொங்கோலில் எங்களுக்குக் கிடைத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தச்சுவேலை செப்டம்பர் 9ஆம் தேதிதான் முடிந்தது. ஆக, எங்கள் கையில் மிஞ்சியது 10 முதல் 16 வரையிலான ஒரே ஒரு வாரம்.

சீனப் பஞ்சாங்கத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவான நல்ல நாள், கெட்ட நாள் என்று பெரும்பாலும் இல்லை என்பது இந்த வாரத்தில்தான் எனக்குத் தெளிவாக விளங்கியது. துங் ஷூ எனப்படும் அந்தப் பஞ்சாங்கத்திலும், என் மாமியார் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தினக்கிழிப்பு நாள்காட்டியிலும், ஒவ்வொரு நாளுக்கும் கீழே 'செய்யத் தக்கவை', 'தவிர்க்க வேண்டியவை' என இரண்டு வரிசைகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் புதுவீட்டில் நுழைவது ஒரு பதிவு, கட்டில் போடுவது வேறொரு பதிவு, மண் தோண்டுவதும் சுவர் இடிப்பதும் இன்னொரு பதிவு, சாமி மாடத்தை நிறுவுவது மற்றொரு பதிவு. ஒரு நாள் திருமணத்துக்கு ஏற்றதாக இருந்து வீடு புகுவதற்கு ஆகாததாக இருக்கலாம். ஆகவே, "பதினான்காம் தேதி நல்ல நாளா?" என்று சீன உறவினரிடம் கேட்டால், "எதற்கு?" என்ற கேள்விதான் முதலில் திரும்பி வரும்.

அடுத்த கேள்வி, யாருக்கு என்பது. சீனக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கு உண்டு. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில் ஒன்றோடு மோதுகிறது: எலி நாள் குதிரையோடும், எருது நாள் ஆட்டோடும், புலி நாள் குரங்கோடும், முயல் நாள் சேவலோடும், கடல்நாகம் (டிராகன்) நாயோடும், பாம்பு பன்றியோடும், இதே இணைகள் தலைகீழாகவும். பஞ்சாங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், அறுபது ஆண்டுச் சுழற்சியில் எந்தக் குறிப்பிட்ட ஆண்டில் பிறந்தவரோடு அந்த நாள் நேருக்கு நேராக மோதுகிறது என்பதையும் சொல்லிவிடும். பிரபவ, விபவ என்று அறுபது ஆண்டுகளை எண்ணிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. வீட்டுக்குரியவரோடு மோதும் நாளை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும். உறவினரோடு மோதினால், வீட்டில் நுழையும் நேரத்தில் அவர் மட்டும் அங்கே இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த இரண்டு சல்லடைகளிலும் எங்கள் வாரத்தைப் போட்டுச் சலித்தோம். 10ஆம் தேதி செவ்வாய்க்கிழமை என்பதால் சீனப் பக்கம் பார்க்காமலேயே என் அம்மா தள்ளிவிட்டார். புதன்கிழமை புலி நாள். என் கணவர் 1992இல் பிறந்தவர், குரங்கு. பொதுவான குரங்குகூட அல்ல, அந்த நாள் நேராக மோதும் ஆண்டே 1992தான் என்று மாமியார் விரல் வைத்துக் காட்டினார். வியாழக்கிழமையை என் அம்மா மிகவும் விரும்பினார். ஆனால் அது முயல் நாள், அது மோதுவது 1993இல் பிறந்த சேவலோடு, அதாவது என்னோடு. போதாக்குறைக்கு, பன்னிரண்டு நாள் சுழற்சி ஒன்று உண்டு. நிலைநாட்டும் நாள், நீக்கும் நாள், நிறைக்கும் நாள் என்று ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு குணம். அந்தக் கணக்கில் 12ஆம் தேதி 'உடையும் நாள்'. பழைய கட்டடத்தை இடிக்க வேண்டுமானால் அந்த நாளை எடுத்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை 'இடர் நாள்'. அதோடு, 1958இல் பிறந்த மாமியாரின் நாய் ஆண்டோடு மோதுவது.

சனிக்கிழமை, 14ஆம் தேதி, கணவர் வீட்டாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அது 'கைகூடும் நாள்', வீட்டில் பன்றி ஆண்டுக்காரர் யாரும் இல்லை, விருந்தினருக்கும் விடுமுறை. "சனிக்கிழமை நான் பால் காய்ச்ச மாட்டேன்மா, நீங்க வேணும்னா உள்ள போய்க்குங்க, நான் வேற நாள் வர்றேன்" என்று அம்மா சொன்னதில் கோபம் ஏதும் இல்லை. இறங்கி வரும் எண்ணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எலியோடு மோதும் நாள். 1948இல் பிறந்த மாமனார் எலி ஆண்டுக்காரர். விலகி நிற்க அவர் தயார்தான், ஆனால் அரிசிப் பாத்திரத்தை அவர்தான் சுமந்துவர வேண்டும் என்பதில் மாமியார் உறுதியாக இருந்தார். எஞ்சியது 16ஆம் தேதி, திங்கட்கிழமை. அது 'திறக்கும் நாள்'. நமது கணக்கில் ஆவணியின் கடைசி நாள், வளர்பிறைத் திரயோதசி, அவிட்ட நட்சத்திரம். நாள் பார்த்துச் சொல்லும் பெரியவர் ஒருவரிடம் கணவர் வீட்டார் எங்கள் எல்லாருடைய பிறந்த ஆண்டுகளையும் கொடுத்துக் கேட்டபோது, அவரும் அதையே சொன்னார். அந்த நாள் நேராக மோதுவது 1997இல் பிறந்த எருதோடு. என் கொழுந்தனார் அந்த ஆண்டுதான் பிறந்தவர். காலையில் சாமான் தூக்கும் வேலையிலிருந்து இதைவிடக் கௌரவமாக யாரும் தப்பித்ததில்லை.

நேரத்தைக் கண்டுபிடிப்பது இதைவிட நுட்பமான வேலை. சீனர்கள் ஒரு நாளை இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டாகப் பிரிக்கிறார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரையிலான பாம்பு நேரம் நல்ல நேரம். நம் ஊர் நாள்காட்டியில் திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்றுதான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போடப்பட்டது. சிங்கப்பூரில் செப்டம்பர் நடுவில் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. பகலை எட்டாகப் பிரித்துப் பார்த்தால் இராகு காலம் ஏறத்தாழ எட்டரைக்குத் தொடங்கிப் பத்துக்குச் சற்று முன் முடிகிறது. எமகண்டம் பதினொன்றரைக்குத்தான் பிறக்கிறது. ஆக, இரு தரப்புக்கும் ஒத்துவந்தது பத்து முதல் பதினொன்று வரையிலான ஒரு மணி நேரம். புதுவீட்டில் முற்பகலில், வெயில் ஏறும் பொழுதில் நுழைய வேண்டும், இருட்டிய பின் நுழையவே கூடாது என்பதும் சீன வழக்கம் என்பதால் அதில் சிக்கல் எழவில்லை.

அன்று அறைகலன் எதையும் நாங்கள் கொண்டுபோகவில்லை. சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் செய்கின்றன: குறித்த நேரத்தில் அடுப்பு, அரிசி, படுக்கை ஆகியவற்றோடு நுழைந்து குடிபுகுந்ததாக ஆக்கிவிட்டால், மற்ற சாமான்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம். ஆனால் இதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய, எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாத வேலை ஒன்று உண்டு. குழாய் எரிவாயுவைத் திறந்துவிட ஊழியர் வருவதற்கு முன்பதிவு செய்து, முந்தின வாரமே அடுப்பை எரித்துப் பார்த்துவிட வேண்டும். அடுப்பு எரியாவிட்டால் அவர்களுடைய தண்ணீரும் கொதிக்காது, நம்முடைய பாலும் பொங்காது.

யாரும் வெறுங்கையோடு உள்ளே வரக்கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு. மாமனாரின் கையில் விளிம்பு வரை அரிசி நிறைந்த பாத்திரம், அதன்மேல் ஓர் அங் பாவ், அதாவது பணம் வைத்த சிவப்பு உறை. கணவரிடம் சிவப்புத் தாள் சுற்றிய கரியோடு ஒரு சிறிய மண் அடுப்பு. என்னிடம் உப்பு, சர்க்கரை, எண்ணெய், தேயிலை. அம்மாவிடம் குத்துவிளக்கும் பால் பாத்திரமும். புதுத் துடைப்பத்திலும் முறத்திலும் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் கணவர் ஓர் அன்னாசிப் பழத்தை வரவேற்பறைக்குள் உருட்டிவிட, எல்லாரும் "ஹுவாட் ஆ!" (செழிக்கட்டும்!) என்று கத்தினார்கள். அன்னாசிக்கு ஹொக்கியனில் சொல்லும் பெயர் 'செழிப்பு வருக' என்பதுபோல் ஒலிப்பதால் வந்த வழக்கம் அது. இலைக்கொண்டை தட்டுவதால் பழம் நேராக உருளவில்லை. வளைந்து போய்க் காலணி அலமாரியில் முட்டியது. மாமியார் அதை எடுத்து அறை அறையாக மீண்டும் உருட்டினார்.

பிறகு எல்லா விளக்குகளையும் போட்டோம், குழாய்களை மெல்லிய தாரையாகத் திறந்துவிட்டோம், மின்விசிறிகளைச் சுழலவிட்டோம். காற்றும் நீரும் ஓடினால் வளம் பெருகும் என்பது நம்பிக்கை. அடுப்பில் எதை முதலில் ஏற்றுவது என்பது பேசித் தீர்க்காமல் விட்ட ஒன்று. மாமியாரே கெண்டியைப் பின்புறப் பர்னரில் வைத்துவிட்டு, முன்புறத்தை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டன. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தபோது கணவர் வீட்டார் கைதட்டினார்கள். புது அடுப்பைத் துடைக்கப் போன என்னை, அன்று எதையும் துடைத்துத் தள்ளக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். கொதித்த தண்ணீரில் தேநீரும், மாவுருண்டைகள் மிதக்கும் இனிப்பு டாங் யுவானும் தயாராயின.

கொழுந்தனார் பகல் உணவுக்குச் சரியாக வந்து சேர்ந்தார். அன்று பகலில் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது, சண்டை போடக் கூடாது, இரவு கட்டாயம் அங்கேயே தங்க வேண்டும் என்பவை மீதமிருந்த விதிகள். கட்டிலுக்கு வேறு நாள் பார்க்க வேண்டியிருந்ததால் மெத்தையைத் தரையிலேயே விரித்தோம். மூன்று இரவுகள் வரவேற்பறை விளக்கை அணைக்கவில்லை. அடுத்த வாரம், புரட்டாசியில், லாரி நிறையச் சாமான்கள் வந்து இறங்கின. குடிபுகுந்தாயிற்று என்பதால் இரு வீட்டாரும் அதற்கு நாள் எதுவும் பார்க்கச் சொல்லவில்லை.