பை சுவிட்சர்லாந்தில், நாங்கள் இத்தாலியில்

மோன் பிளாங் மலையைச் சுற்றி ஒரு பாதை போகிறது. ஏறத்தாழ 170 கி.மீ. பிரான்சில் தொடங்கி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்தைத் தொட்டுவிட்டு மறுபடி பிரான்சுக்கே வந்து சேரும். வழியில் ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 10,000 மீட்டர். நடப்பவர்களுக்குப் பத்துப் பதினோரு நாள் ஆகும். நானும் என் நண்பனும் ஜூலை முதல் வாரத்தில், ஆறு நாளில் ஓடி முடித்துவிடுவதாகக் கிளம்பினோம். வழிகாட்டி யாரும் கிடையாது. போனில் ஜிபிஎஸ் தடம், முதுகில் 12 லிட்டர் ஓட்டப் பை, ஊருக்கு ஊர் முன்பதிவு செய்த அறை. துணிமணி உள்ள பெரிய பை வேனில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி, "முழுக்க ஓடினீங்களா?" இல்லை. ஏற்றம் முழுக்க நடந்தோம். ஆகஸ்ட் கடைசியில் இதே மலையைச் சுற்றி நடக்கும் யுடிஎம்பி போட்டியில், 2022இல் கிலியன் ஜோர்னே 20 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். அந்தப் போட்டியில் ஓடுபவர்களும் செங்குத்து வந்தால் கைக்கோலை ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் நடக்கும் வேகத்தில் நாம் ஓடினால் பெரிய விஷயம்.

நான் செய்த முதல் தப்பு, கிலோமீட்டரில் கணக்குப் போட்டது. முதல் நாள் லே ஊஷிலிருந்து லே கொந்தமின் வரை 18 கி.மீ. சமதரையில் அது எனக்கு இரண்டு மணி நேரம். மலை என்பதால் மூன்றரை என்று எழுதி வைத்திருந்தேன். ஏற்றம் சுமார் 1,400 மீட்டர் என்பதைப் படித்தும் அது மண்டையில் ஏறவில்லை. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892லேயே எளிய கணக்கு ஒன்றைச் சொல்லிவிட்டார்: நடப்பதற்கு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி அன்றைய பாதை ஆறு மணி நேரத்து வேலை. இறக்கத்தில் எல்லாம் ஓடியும் எங்களுக்கு ஐந்தே கால் ஆனது. அந்தப் பக்கத்து மலைப் பலகைகளில் பெரும்பாலும் தூரமே இருக்காது, நேரம்தான் போட்டிருப்பார்கள். ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அன்றே இரண்டாவது தப்பும் நடந்தது. பியோனசே பனியாறு உருகிப் பாயும் ஓடையின் மேல் ஒரு தொங்குபாலம். அதைத் தாண்டி 2,120 மீட்டரில் இருக்கும் த்ரிக்கோ கணவாய் வரை ஒழுங்காகத்தான் ஏறினோம். அங்கிருந்து மியாஜ் புல்வெளிக்கு ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர் நேராக இறங்க வேண்டும். கீழே சின்னச் சின்ன வீடுகள் தெரிகின்றன, வெயில் இதமாக அடிக்கிறது, கால் தானாகப் பறக்கிறது. விட்டுவிட்டேன். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. தசைக்கு அதிகச் சேதம் அப்படி வேலை செய்யும்போதுதான் ஆகிறது. வலியும் உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மூன்றாம் நாள் காலை கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் போட முடியவில்லை. குட்டி எட்டு வைத்து, பிரேக் பிடிக்காமல் தட்டித் தட்டி இறங்கிய நண்பன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் ‘போனோம்’ என்ற பெயருள்ள கணவாயைத் தாண்டியபோது நிழல்பக்கச் சரிவுகளில் இன்னும் பனித்திட்டுகள் கிடந்தன. ஜூலைத் தொடக்கத்தில் இது சகஜம். ஓட்டக் காலணியில் குதிகாலை அழுத்திக் குத்தி மெதுவாகக் கடந்தோம். இறங்கும் வழியில் ஓர் ஆட்டு மந்தை. கூடவே வெள்ளையாக, கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். பத்தூ என்பார்கள். ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்க, ஆடுகளோடு ஆடாகவே வளர்க்கப்படுவது. வேகமாக வரும் எதுவும் அதன் கண்ணுக்கு எதிரிதான், அதனால் ஓட்டக்காரர்கள்மேல் அதற்குத் தனி அக்கறை. அது குரைத்துக்கொண்டே வந்தது. நாங்கள் நின்றோம், கோல்களைத் தாழ்த்தினோம், கண்ணை நேராகப் பார்க்காமல் மந்தையைப் பெரிதாகச் சுற்றி நடந்தோம். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்த அரை மணி நேரம்தான் பயணத்திலேயே நான் மிக மெதுவாக நடந்த நேரம். இதயத் துடிப்பு மட்டும் கடிகாரத்தில் வேறு கதை சொன்னது.

மூன்றாம் நாள் சேன்ய் கணவாய், 2,516 மீட்டர். அங்கே இத்தாலி ஆரம்பிக்கிறது. ஒரு கற்குவியலைத் தவிர வேறெதுவும் இல்லை. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். கணவாயிலிருந்து கூர்மாயர் வரை என் தொடையின் புலம்பலைக் கேட்டுக்கொண்டே போனதால் காட்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழகாக இருந்தது என்று நண்பன் சொல்கிறான்.

நான்காம் நாள்தான் கதை. கூர்மாயரிலிருந்து பெரிய ஃபெரே கணவாயைத் தாண்டி சுவிட்சர்லாந்தின் லா ஃபூலிக்குப் போக வேண்டும். கணவாய் 2,537 மீட்டர். மதியம் இரண்டு மணிக்கு மேல் இடி மின்னல் என்று வானிலை அறிவிப்பு சொன்னது. ஆல்ப்ஸ் கோடையில் இது அடிக்கடி நடக்கும். காலை வெயிலில் பள்ளத்தாக்கு சூடாகி, ஈரக்காற்று மேலே எழும்பி, மதியத்துக்கு மேல் மேகமாகத் திரண்டு வெடிக்கும். அதனால் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் காலை உணவை நிதானமாகச் சாப்பிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கிளப்பிவிட யாரும் இல்லாத பயணத்தில் இதுதான் சிக்கல்.

இத்தாலிய மலையேறி வால்டர் பொனாட்டியின் பெயரால் அமைந்த மலைவிடுதிக்கு ஒன்றரைக்கு வந்தோம். எதிரே கிராண்ட் ஜொராஸ் முகடு வெளிச்சமாக நிற்கிறது, கணவாய்ப் பக்கம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது. நண்பனுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. எனக்கும்தான். பை வேறு லா ஃபூலிக்குப் போய்விட்டதே! ஒரு மின்னல் வெட்டியது. எண்ணினோம். ஒன்பது விநாடி கழித்து இடி. ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்றால் மூன்று கிலோமீட்டர் தூரம்தான். மரமே இல்லாத புல்சரிவில் கையில் உலோகக் கோலோடு உயரமாகத் தெரியப்போவது நாங்கள் இரண்டு பேர் மட்டும். சரி, திரும்பலாம் என்று நான் சொன்னேனா அவன் சொன்னானா என்பது இன்னும் தகராறில் இருக்கிறது. நேரே பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஆலங்கட்டி மழையில் நனைந்தபடி கூர்மாயருக்குப் பேருந்து பிடித்தோம்.

பை சுவிட்சர்லாந்தில், நாங்கள் இத்தாலியில். நடுவில் மலை. முதுகில் இருந்தவை: மழைச் சட்டை, மெல்லிய கம்பளி பனியன், அலுமினியப் போர்வை, விசில், அரை டப்பா உலர் பழம். பாஸ்போர்ட்டையும் சார்ஜரையும் பெரிய பையில் போடாதது புத்திசாலித்தனம். பல்துலக்கியைப் போட்டது புத்திசாலித்தனம் இல்லை. சீசனில் அறை தேடி ஒரு மணி நேரம் அலைந்தோம். கிடைத்த அறையில் ஈர சாக்ஸை ஹேர் டிரையரில் காயவைத்தோம். லா ஃபூலி விடுதிக்குப் போன் செய்தால், பை பத்திரமாக இருக்கிறது, ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் அதை அடுத்த ஊரான த்ரியானுக்கு எடுத்துப்போய்விடும் என்றார்கள். நாங்கள் துரத்த, அது முன்னே போய்க்கொண்டே இருக்கும்!

மறுநாள் முதல் பேருந்தில் பள்ளத்தாக்கின் கோடிக்குப் போய், பத்து மணிக்கெல்லாம் கணவாயில் நின்றோம். கழுவிவிட்ட வானம். அங்கிருந்து லா ஃபூலிவரை இறங்கிய இறக்கம்தான் முழுப் பயணத்திலும் ஓட்டம் என்று சொல்லத் தகுந்தது. மண் பாதை, மிதமான சரிவு, இருபக்கமும் பூக்கள், எங்கோ மணி கட்டிய மாடுகள். மர்மோட்டுகள் என்ற மலை அணில்கள் விசிலடித்து எங்கள் வருகையை ஒன்றுக்கொன்று அறிவித்தன. தொடையும் மன்னித்துவிட்டிருந்தது. லா ஃபூலியிலிருந்து த்ரியானுக்கு ஓட நேரமில்லை; ஒர்சியேர் வரை பேருந்து, மார்த்தினி வரை ரயில், மறுபடி பேருந்து. சுவிஸ் ஃப்ராங்க் கையில் இல்லை, கார்டு காப்பாற்றியது. ஓடியிருந்தால் வழியில் வந்திருக்கும் ஷாம்பே ஏரியைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டோம்.

கடைசி நாள் பால்ம் கணவாயில் மறுபடி பிரான்ஸ். எதிரே மோன் பிளாங் முழுசாக, வெள்ளையாக. பாதையில் மேலே இரும்பு ஏணிகள் வைத்த ஒரு பாறைப் பகுதி உண்டு. இரவு மழையில் ஏணி ஈரமாக இருக்கும் என்று தாழ்வான காட்டுப் பாதையைப் பிடித்தோம், இந்தத் தடவை தகராறு இல்லாமல். மதியம் மூன்று மணிக்கு ஷாமோனி. யுடிஎம்பி முடியும் தேவாலயச் சதுக்கத்தில் போட்டி வளைவும் இல்லை, கூட்டமும் இல்லை. விடுதியில் எங்கள் பை வரவேற்பறை மூலையில் உட்கார்ந்திருந்தது, வழக்கம்போல எங்களுக்கு முன்பே வந்து.