அப்பாவின் சலுகைக் கார்டு கைக்கு வந்த கதை

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இனி ஒரே கார்டு என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அப்பாதான். பஸ் ஏறி, ரயில் மாறி, மறுபடி ஒரு சின்ன பஸ் பிடித்துப் போய்வருகிறவர் அவர். மூத்த குடிமக்களுக்கான சலுகைக் கட்டணம் என்பதால் பஸ்ஸுக்கு ஓர் அடையாள அட்டை, ரயிலுக்குத் தனி பாஸ், கூடவே சில்லறை என்று சட்டைப்பை எப்போதும் கனத்துக் கிடக்கும். எல்லாம் ஒரே கார்டுக்குள் வந்துவிடும் என்று நம்பினார். பெரும்பாலும் வரத்தான் செய்தது. வருவதற்குள் அவருக்காகவும் எனக்காகவும் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதிவைக்கிறேன். இதே மாற்றம் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

புது முறை கட்டம் கட்டமாக வந்ததில் எனக்குக் குறை இல்லை. எல்லா ரயில் நிலையத்திலும் எல்லா பஸ்ஸிலும் ஒரே ராத்திரியில் கருவி பொருத்த யாராலும் முடியாது. சிட்னியில் ஓப்பல் என்ற பயணக் கார்டை 2012 டிசம்பரில் ஒரு படகுத் தடத்தில்தான் ஆரம்பித்தார்கள். பிறகு ரயில், பஸ் என்று விரித்தார்கள். பழைய காகித டிக்கெட் செல்லாது என்று ஆனது 2016 ஆகஸ்டில்தான். லண்டனில் வங்கிக் கார்டையே தட்டிப் பயணம் செய்யும் வசதி 2012 டிசம்பரில் பஸ்களுக்கு வந்தது, சுரங்க ரயிலுக்கு வர 2014 செப்டம்பர் ஆனது. ஆக, நிதானமாகச் செய்வது சரிதான். என் வருத்தமெல்லாம் எந்தக் கட்டத்தில் யாரைச் சேர்த்தார்கள் என்பதில். எங்கள் நகரத்தில் போட்ட திட்டப்படி முழுக் கட்டணம் கொடுக்கும் ரயில் பயணிகள் முதலில், பெரிய தட பஸ்கள் அடுத்து, ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடும் சின்ன பஸ்கள் அதற்கப்புறம். மாணவர்கள், மூத்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் கடைசி.

முதல் கட்டத்திலேயே நான் எனக்கு வாங்கிவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் புதுக் கார்டை நீட்டிவிட்டு, “மேடம், பழைய கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நீங்க ஏறுற பஸ்ல இன்னும் பழைய மெஷின்தான் இருக்கு” என்றார். அறிவிப்புப் பலகை எதிலும் இல்லாத செய்தி அது. பழைய கார்டில் இருந்த பணம் தானாகப் புதுக் கார்டுக்கு வராது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தனிப் படிவம் எழுதி, பழைய கார்டை ஒப்படைத்தால்தான் மாற்றித் தருவார்கள். ஒப்படைத்துவிட்டால் பஸ்ஸுக்கு என்ன செய்வது? அதனால் பஸ் பகுதி முடியும்வரை இரண்டு கார்டையும் வைத்துக்கொண்டேன். பழையதில் தேவைக்கு மேல் பணம் போடவில்லை.

பணம் ஏன் தானாக மாறாது என்பதைப் புரிந்துகொண்ட பிறகு மற்ற குழப்பங்களும் விலகின. பழைய கார்டில் மீதித் தொகை கார்டுக்குள் இருக்கும் சில்லிலேயே (சிப்) எழுதப்பட்டிருக்கும். ரயில் நிலையக் கேட்டில் தட்டும்போது கருவி அதைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, புதுத் தொகையை அதே சில்லில் எழுதும். எங்களுக்கு வந்த புதுக் கார்டில் பணமே கிடையாது. அதில் இருப்பது ஒரு எண் மட்டும். பணம் சர்வர் என்னும் மையக் கணினியில் உள்ள கணக்கில். பழையது கையில் இருக்கும் பர்ஸ் என்றால், புதியது வங்கிக் கணக்கின் பாஸ்புக். பர்ஸ் தொலைந்தால் பணமும் போச்சு. பாஸ்புக் தொலைந்தால் புகார் கொடுத்து, பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே புது முறையை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். ஆனால் கார்டைப் பதிவு செய்தவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. பெயரும் செல்போன் எண்ணும் கொடுக்காமல் வாங்கிய கார்டு தொலைந்தால், அது யாருடையது என்று நிரூபிக்க வழியில்லை.

கருவியில் சிவப்பு எரிந்தால் பதறி, கார்டை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுகிறோம். அது வேண்டாம். கார்டுக்குள் பேட்டரி கிடையாது. உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடுகிறது. கருவியிலிருந்து வரும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்துதான் அதற்கு மின்சாரமே கிடைக்கிறது. கார்டும் கருவியும் பேசி முடிவதற்குள் கார்டை இழுத்துவிட்டால் பாதியில் அறுந்துபோகும். ஒலி வரும்வரை தட்டையாக வைத்திருந்தால் போதும். அதேபோல், வங்கிக் கார்டு இருக்கும் பர்ஸை அப்படியே கருவியில் வைக்காதீர்கள். இரண்டும் பதில் சொன்னால் கருவி குழம்பும், அல்லது எந்தக் கணக்கில் எடுக்கக் கூடாதோ அதிலிருந்து எடுக்கும்.

பஸ்களுக்குக் கருவி வந்த பிறகு என் தம்பிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். கணக்கில் பணம் தீர்ந்திருந்தது. காலையில் போனிலேயே ரீசார்ஜ் செய்தான், உடனே பணம் ஏறிவிட்டதாகச் செய்தியும் வந்தது. பஸ்ஸில் தட்டினால் சிவப்பு. போனை நீட்டி, “அண்ணா, பணம் இருக்கு பாருங்க” என்று காட்டியிருக்கிறான். நடத்துநர் என்ன செய்வார், மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. கையில் இருந்த காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கினான். பிறகு விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஓடும் பஸ்ஸில் இருக்கும் கருவி ஒவ்வொரு தட்டலுக்கும் சர்வரைக் கேட்டுக்கொண்டு இருக்காது. அதற்கு நேரமும் இல்லை, வழியெல்லாம் சிக்னலும் இருக்காது. எந்தெந்தக் கார்டை ஏற்கக் கூடாது என்ற தடைப் பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அனுமதித்துவிடும். தம்பியின் கார்டு முந்தைய நாளே அந்தப் பட்டியலுக்குப் போயிருந்தது. பணம் போட்டதும் சர்வரில் பெயர் நீங்கிவிட்டது. பஸ்ஸில் இருந்த பட்டியல் மட்டும் பழையது. எங்கள் பகுதியில் பஸ் பணிமனைக்குத் திரும்பியபோதுதான் அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. கேட்டுகள் கம்பியோடு இணைந்திருப்பதால் ரயில் நிலையத்தில் இந்தத் தொல்லை வரவில்லை. எனவே பணம் தீரும்வரை விடாமல், முந்தின நாளே போட்டுவையுங்கள்.

போனில் கார்டைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே போகும்போது போனைத் தட்டி, பேட்டரி தீர்ந்துபோய், வெளியே வரும்போது பிளாஸ்டிக் கார்டைத் தட்டினால் ஒரே பயணமாகக் கணக்கு வராது. போனில் இருப்பது வேறு எண். ஒன்று இறங்காத பயணம், மற்றொன்று ஏறாத பயணம் என்று இரண்டுக்கும் உச்சக் கட்டணம், அதாவது அந்தத் தடத்தில் வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை, பிடிக்கப்படலாம். என் அலுவலகத் தோழி ஒருத்திக்கு இப்படித்தான் ஆனது.

உச்சக் கட்டணம் எனக்கும் ஒரு முறை பிடித்தார்கள். மாலை நெரிசலில் புதுக் கேட்டுகள் நின்றுபோக, ஊழியர்கள் அகலக் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே விட்டார்கள். தட்டுவதற்கு வழியே இல்லை. மறுநாள் பார்த்தால் அந்தத் தடத்தின் கடைசி நிலையம் வரை போனதாகக் கணக்கு. புகார் எழுதினேன். ‘வெளியேறியதற்கான பதிவு இல்லை’ என்று பதில் வந்தது. பதிவு இல்லாததைப் பற்றித்தானே புகார்! விடவில்லை. பயண வரலாற்றைத் திறந்து பார்த்தபோது, நிலையத்து வாசலிலேயே பஸ் ஏறித் தட்டிய நேரம் பதிவாகியிருந்தது. கடைசி நிலையத்துக்குப் போயிருந்தால் அந்த நேரத்தில் இந்த பஸ்ஸில் இருந்திருக்க முடியாது. அதைப் படமெடுத்து இணைத்து மறுபடி அனுப்பினேன். கூடுதலாகப் பிடித்த தொகை கணக்குக்குத் திரும்பியது. பயண வரலாறுதான் நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி. எவ்வளவு நாள் பின்னோக்கிக் காட்டும் என்று பார்த்து, அதற்குள் புகார் கொடுத்துவிடுங்கள்.

இனி அப்பாவின் கதை. சலுகைக் கார்டுக்கான விண்ணப்பம் முதலில் இணையத்தில் மட்டும்தான் இருந்தது. வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் எல்லாம் ஏற்றினேன். படத்தின் பின்னணி சரியில்லை என்று திரும்பி வந்தது. வெள்ளைச் சுவர் முன் நிற்கவைத்து வேறு படம் எடுத்தேன். அடுத்து செல்போன் எண்ணில் முட்டியது. அப்பாவிடம் சாதாரண போன்கூட இல்லை, என் எண்ணைத்தான் எங்கும் கொடுப்பார். இங்கே என் எண் ஏற்கெனவே என் கார்டோடு சேர்ந்திருந்ததால், ‘இந்த எண் பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லி மேலே போக விடவில்லை. ஒரு எண்ணுக்கு ஒரே கார்டு. பிள்ளைகளின் போனை நம்பி இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்திருந்தால் இப்படி ஒரு விதியை எழுதியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் ரயில் பாஸைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள். புதுக் கார்டு வந்துவிட்டதே, அதை வாங்குங்கள் என்பது பதில். அது இன்னும் எங்களுக்கு வரவில்லையே என்றால், காத்திருங்கள் என்பது அடுத்த பதில். காத்திருக்கும் நாளெல்லாம் முழுக் கட்டணம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். கைநிறையச் சம்பாதிக்கும் நான் முதல் கட்டத்தில், காசை எண்ணிச் செலவழிக்கும் அவர் கடைசிக் கட்டத்தில். சலுகைப் பயணிகளுக்குச் சரிபார்ப்பு வேலை அதிகம், நேரம் பிடிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. நேரம் பிடிக்கும் வேலையை அல்லவா முதலில் தொடங்க வேண்டும்? அதுவரை பழைய பாஸை நிறுத்தாமல் விட்டிருக்க வேண்டும்.

நிலையத்தில் அப்பாவைப் போலவே பலர் அலைந்துகொண்டிருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, பழைய பாஸை நீட்டிக்கச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்திட்டோம். விண்ணப்ப ரசீது எண்களையும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எழுதினோம். அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பொதுவாகக் குறை சொன்னால் பதிலும் பொதுவாகத்தான் வரும். எண்ணோடு கேட்டபோது, எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. பழைய பாஸை நீட்டித்தார்கள். நிலையத்திலேயே சலுகைக் கார்டுக்கென ஒரு கவுன்ட்டரும் திறந்தார்கள். அங்கே இருந்த அலுவலர் அப்பாவின் கார்டை என் கணக்கின் கீழ் குடும்ப உறுப்பினராகச் சேர்த்தார். “ஐயா, இனி உங்க பொண்ணு போனுக்கு மெசேஜ் போகும், நீங்க தட்டிட்டுப் போயிட்டே இருங்க” என்று அவர் சொன்னதும் அப்பா உடனே கேட்டார்: “மீதி எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?”

அவர் கேட்டது முக்கியமான கேள்வி. பழைய கேட்டில் தட்டினால் மீதித் தொகை திரையில் வரும். புதுக் கேட்டில் பச்சை விளக்கு மட்டும். சிங்கப்பூரில் இதே விஷயம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. கணக்கு சர்வரில் இருக்கும் சிம்ப்ளிகோ முறைக்கு 2024 ஜூன் முதல் பெரியவர் கட்டணம் செலுத்தும் எல்லோரையும் மாற்றப் போவதாக அந்த ஆண்டு ஜனவரி 9 அன்று அறிவித்தார்கள். அதில் கேட்டிலும் பஸ்ஸிலும் கழித்த தொகையும் மீதியும் தெரியாது என்று மக்கள் எதிர்த்தார்கள். ஜனவரி 22 அன்றே முடிவை மாற்றி, பழைய முறையும் தொடரும் என்றார்கள். அதற்காக 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவிட வேண்டியிருந்தது. சர்வரைக் கேட்டு மீதியைக் காட்ட விநாடிகள் ஆகும், வரிசை தேங்கும் என்ற தொழில்நுட்பக் காரணம் நியாயமானதுதான். நெரிசல் நேரத்துக் கேட்டில் அரை விநாடிகூட நீளமான நேரம். ஆனால் கேட்டுக்கு வெளியே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில், கார்டை வைத்தால் மீதி காட்டும் கருவி ஒன்று வைக்கலாமே. இதையும் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். இப்போதைக்கு ரீசார்ஜ் மெஷினில் கார்டை வைத்தால் மீதி வருகிறது. அப்பா அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்குப் போகிறார். நானும் மாதக் கடைசியில் பயண வரலாற்றை அச்செடுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு வரியையும் பேனாவால் குறித்துச் சரிபார்ப்பார்.

சின்ன பஸ்களில் இன்னும் கருவி வரவில்லை. ஆகவே பழைய அடையாள அட்டையும் கொஞ்சம் சில்லறையும் அவர் பையில் இருக்கின்றன. பெரிய தடங்கள் முழுக்க மாறிவிட்டதால் என் பழைய கார்டை ஒப்படைத்து, மீதியை மாற்றிக்கொண்டேன். அதற்குக் கடைசித் தேதி ஒன்று வைத்திருக்கிறார்கள், நிலையத்தில் ஒட்டியிருக்கிறது. வீட்டு அலமாரியில் யாருடைய பழைய கார்டாவது கிடந்தால் இப்போதே எடுத்து மெஷினில் வைத்துப் பாருங்கள். பணம் இருந்தால் படிவத்தோடு கார்டின் இரண்டு பக்கமும் நகலெடுத்து இணைத்து, ரசீதை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.