யாரிடம் சொல்ல வேண்டும், சேர்?

எங்கள் பாடசாலை அலுவலக ரூட்டருக்குப் பெட்டியோடு வந்த கடவுச்சொல்தான் இன்னும் இருக்கிறது என்று தரம் 10 மாணவன் ஒருவன் வந்து சொன்னான். உள்ளே போய்ப் பார்த்திருக்கிறான், எதையும் தொடவில்லை. கடவுச்சொற்கள் பற்றி நான் நடத்திய பாடத்தைத்தான் செய்து பார்த்திருந்தான்.

என் வாயில் முதலில் வந்தது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். அதிகாரமின்றி நுழைவதே குற்றம், எதையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றேன். வேறு எவரிடமும் சொல்லாதே, தம்பி என்றேன். அன்றே அதிபரிடம் பேசிக் கடவுச்சொல்லை மாற்றுவித்தேன். அவன் பெயரைச் சொல்லவில்லை.

அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு பிள்ளையின் பெயர் முறைப்பாட்டில் ஏறினால் என்னவாகும் என்று வன்னித் தாய்மாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இவர்கள் 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள். விசாரணை என்ற சொல்லைக் கேட்டால் வீட்டில் வரும் நடுக்கம் மட்டும் பழையது.

ஆனால் அவன் கேட்டது என்னை விடவில்லை: “அப்படியென்றால் யாரிடம் சொல்ல வேண்டும், சேர்?”

“என்னிடம்” என்றேன். தலையாட்டினான். நாளை கிளிநொச்சியிலோ கொழும்பிலோ வேலை செய்யும் இடத்தில் இதே ஓட்டையைக் கண்டால் அங்கே நான் இருப்பேனா? உலகெங்கும் இணையப் பாதுகாப்புத் துறைக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பேர் போதாதென அத்துறையினரின் சர்வதேச அமைப்பான ஐ.எஸ்.சி.2 2023இல் கணித்தது. அதே ஆண்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டுச் சில மாதத் தரவுகள் அழிந்தன. பாடசாலையிலிருந்தே ஆள் உருவாக வேண்டும் என்கிறோம். உருவாகும் ஆள் வேறெப்படி இருப்பான்? ஐயப்பட்டான், சோதித்தான், கெடுக்காமல் வந்து சொன்னான். அதில் சோதித்தது மட்டும் தவறு. அந்த ஒன்றில்லாமல் மற்ற இரண்டும் இல்லை.

உயர்தரத்தில் அவன் வணிகப் பிரிவுக்குப் போனான். அங்கேயும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கலாம், எடுக்கவில்லை. காரணம் நான்தான் என்று சொல்லிவிட முடியாது. அவனிடம் கேட்கவும் இல்லை.

இப்போது கடவுச்சொற்கள் பற்றிய பாடத்தில் எழுத்தில் அனுமதி பெறுவதையும், கண்ட இடத்தில் நிறுத்துவதையும், உரியவரிடமோ இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டிடமோ அறிவிப்பதையும் சேர்த்திருக்கிறேன். எந்த வலையமைப்போடும் இணையாத பழைய ரூட்டர் ஒன்றைப் பிள்ளைகள் சோதிக்கத் தரும்படி அதிபரிடம் கேட்டேன். வீட்டுக்குப் போயும் செய்து பார்ப்பார்களே என்றார். பார்ப்பார்கள், அதனால்தான் முதலில் இங்கே பார்க்கட்டும் என்கிறேன் என்றேன். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.