ஒரு தம்ளர் தண்ணீர்

சென்ற மழைக்காலத்தில், பெகு பக்கத்தில் உள்ள உறவினரின் வயல்வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு ரங்கூன் திரும்பிய பத்தாம் நாள் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தெருமுனை மருந்துக்கடையில் நாலைந்து மாத்திரைகளைப் பொட்டலமாக வாங்கி விழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன், அத்தை விடவில்லை. அட்டையிலிருந்து வெட்டித் தரும் உதிரி மாத்திரையில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து சிறுநீரகத்தைப் பாதித்ததை 1963ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்தபோது, அத்தையின் பிடிவாதத்துக்கு மனதார நன்றி சொன்னேன்.

மருத்துவர் என் இடுப்பில், கைலி கட்டும் இடத்தில், வலியே இல்லாமல் இருந்த சிறு கரும்பொருக்கைக் கண்டார். நான் அதைக் கொசுக்கடி என்று விட்டிருந்தேன். இரண்டாம் உலகப்போரில் பர்மாப் போர்முனை வீரர்களை வாட்டிய, நுண்ணிய உண்ணிப்பூச்சி கடித்து வரும் அதே ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் என்று சொல்லி, டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் குளிகையைக் காலையும் இரவும் ஏழு நாள் சாப்பிட எழுதிக்கொடுத்தார்.

எப்படி விழுங்குவது என்பதை அவரும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் இரவு, அசதியில் ஒரு மடக்குத் தண்ணீரோடு குளிகையைப் போட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிட்டேன். நள்ளிரவில் நெஞ்செலும்புக்குப் பின்னால் தீக்கங்கு வைத்தாற்போன்ற எரிச்சல். எச்சில் விழுங்கினால்கூட வலித்தது. அமிலத்தை முறிக்கும் மருந்தைத் தேடி எடுத்தேன். நல்லவேளையாக, குடிக்குமுன் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். குளிகை உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்தால் அந்த இடம் புண்ணாகிவிடும் என்றும், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும் என்றும் அப்போதுதான் விளக்கினார். நான் கையில் வைத்திருந்த மருந்தோ, அதிலுள்ள உலோக உப்புகளால் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் செய்யுமாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதிதான். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். பாலிலுள்ள கால்சியமும் ஓரளவு தடுக்கும் என்பதால், கெட்டிப்பால் ஊற்றிய டீக்கடை லபெயே என்னும் பர்மியத் தேநீரோடு காலைக் குளிகையை விழுங்கும் என் பழக்கத்தை அன்றே விட்டேன். அன்று முதல் இரவுக் குளிகையைச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். இந்த மருந்து உண்ணும் நாட்களில் தோல் எளிதில் வெயிலில் கன்றிப்போகும். வெயிலுக்காக முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை மட்டும் நம்பாமல் குடையோடு போனேன்.

நான்காம் நாளே காய்ச்சல் விட்டது. மீதிக் குளிகைகளை, ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்த தன் மகளின் காய்ச்சலுக்குத் தரும்படி அடுத்த வீட்டு அக்கா கேட்டார். என் ஏழு நாள் முடியவில்லை என்பது ஒன்று. வயிற்றிலுள்ள குழந்தையின் பற்களையும் எலும்பையும் இது பாதிக்கக்கூடும் என்பது அதைவிடப் பெரிது. அவரை உட்காரவைத்து இதைச் சொன்னேன். மறுநாள் மகளை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். இரத்தம் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, ஆன்டிபயாடிக் எதுவும் தேவையில்லை என்று அனுப்பினாராம்.