பிராடி ஹவுஸ் கிளையும் பொறுப்பேற்காத உரிமையாளரும்

2018 ஜனவரியில் மும்பை பிராடி ஹவுஸிலுள்ள பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனங்கள் புதிய உத்தரவாதக் கடிதம் (வாடிக்கையாளர் வேறு வங்கியில் வாங்கும் கடனுக்கு இந்த வங்கி பொறுப்பேற்கும் கடிதம்) கேட்டபோது, முழுத் தொகைக்கும் ஈடாக ரொக்கம் வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் கூற, இதுவரை அப்படி வைத்ததே இல்லையே என்று பதில் வந்ததில்தான் மோசடி வெளிப்பட்டது. அத்தகைய கடிதங்கள் வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் பிற வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்குப் போயினவே தவிர, அதனுடன் இணைக்கப்படாதிருந்த வங்கியின் கணக்கு மென்பொருளில் ஏறவே இல்லை. பழைய கடனைப் புதிய கடிதத்தால் அடைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். (ஒரு சிறு நகைக்கடனுக்கு நம்மிடம் எத்தனை கையெழுத்து வாங்குகிறார்கள்!) மோசடித் தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். வங்கியின் பெரும்பான்மைப் பங்கு அரசுடையது. நிர்வாக இயக்குநரை நியமிப்பதும் அரசே. ஆயினும் நிதியமைச்சர் அருண் ஜெட்லி தணிக்கையாளர்களையும் ஒழுங்காற்று அமைப்புகளையும் சாடினார். ஸ்விஃப்ட் முறைகேடு குறித்து 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி கூறியது. பொதுத்துறை வங்கி இயக்குநர்களை நீக்கும் அதிகாரமே தங்களுக்கு இல்லை என்று 2018 மார்ச்சில் அதன் ஆளுநர் உர்ஜித் படேல் வெளிப்படையாகவே பேசினார்.

அவ்வாண்டே தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. 2019 மார்ச்சில் நீரவ் மோடி லண்டனில் கைதானார். வங்கி அதிகாரிகள் மீது வழக்குகள் பாய்ந்தன. உரிமையாளராகிய அரசின் தரப்பில் அமைச்சர் எவரும் பதவி விலகவில்லை.